இடுப்பு மூட்டு விலகினால்: அங்கேயே பொருத்துவதா, அனுப்பிவைப்பதா, ஆபரேஷனா?

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவனுக்கு 26 வயது. வலது கால் முட்டியில் மடங்கி, உள்பக்கம் திரும்பி, இடது தொடைமேல் சாய்ந்திருந்தது. மற்ற காலைவிடக் குட்டையாகத் தெரிந்தது. யாராவது அதை நேராக வைக்கப் போனால் அலறினான். காரில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தவன். வண்டி மோதிய வேகத்தில் முட்டி டாஷ்போர்டில் போய் இடித்திருக்கிறது. எக்ஸ்ரேயை அவன் அண்ணனிடம் காட்டினேன். தொடை எலும்பின் பந்து, இருக்க வேண்டிய கிண்ணத்தை விட்டு வெளியே வந்து மேலே ஏறி நின்றது.

"சார், ஆபரேஷன் பண்ணணுமா, இல்ல பண்ணாமயே சரி ஆயிடுமா?"

இந்த வலியோடு ஒருவரைக் கூட்டி வருகிற எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். நான் அதற்குப் பதில் சொல்லாமல், "அடிபட்டது எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். சாயங்காலம் ஆறரை. அப்போது மணி பதினொன்று ஆகியிருந்தது. நடுவில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, வலிக்கு ஊசி போட்டு, "பெரிய இடத்துக்குக் கொண்டுபோங்க" என்று அனுப்பியிருக்கிறார்கள். நாலரை மணி நேரம் போய்விட்டது.

இந்தக் காயத்தில் முடிவெடுக்க வேண்டிய இடங்கள் நான்கைந்து வரும். எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. குடும்பத்தினர் மனசைப் போட்டு உழப்பிக்கொள்வது ஆபரேஷன் பற்றி. காலின் எதிர்காலம் பெரும்பாலும் தீர்மானமாவது அதற்கு முன்னாலேயே, முதல் சில மணி நேரத்தில். அதனால் எடை எங்கே இருக்கிறதோ அங்கே அதிக நேரம் நின்று, மற்றதைச் சீக்கிரம் கடந்துபோகிறேன்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம்

தோள்பட்டை நழுவுவது சகஜம். கையை ஊன்றி விழுந்தாலே சிலருக்கு நழுவிவிடும். இடுப்பு அப்படி இல்லை. ஆழமான கிண்ணம், அதன் விளிம்பைச் சுற்றிக் குருத்தெலும்பு வளையம், மேலே தடித்த உறை, முன்பக்கம் உடம்பிலேயே மிக வலுவான தசைநார் என்று கட்டிப்போட்ட மூட்டு. அதைக் கிண்ணத்தை விட்டு வெளியே தள்ள வேண்டுமானால் வாகன விபத்து, உயரத்திலிருந்து விழுவது, வேகமான ஆட்டத்தில் முட்டி மடங்கிய நிலையில் மேலே ஆள் விழுவது மாதிரியான விசை வேண்டும். பத்தில் ஒன்பது பேருக்குப் பந்து பின்பக்கம் போகும். கால் உள்நோக்கித் திரும்பி, மற்ற காலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். மீதிப் பேருக்கு முன்பக்கம் போகும். அவர்களுக்குக் கால் வெளிப்பக்கம் திரும்பி அகன்று கிடக்கும்.

அவ்வளவு விசை இடுப்போடு நிற்பதில்லை. முட்டிச் சில்லு உடைந்திருக்கலாம், முட்டிக்குள் தசைநார் அறுந்திருக்கலாம், வயிற்றிலோ தலையிலோ அடி இருக்கலாம். மூட்டின் வலி மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்பதால், முட்டியையும் தொட்டுப் பார்த்தார்களா என்று கூட வந்தவர் ஒரு வார்த்தை கேட்பதில் தப்பே இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பந்துக்கு ரத்தம் கொண்டுபோகிற முக்கியமான குழாய், தொடை எலும்பின் கழுத்தை, அதாவது பந்துக்குக் கீழே உள்ள குறுகிய பகுதியை, பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. பெரியவர்களுக்கு வேறு வழியாக வருகிற ரத்தம் மிகக் குறைவு. பந்து இடம் மாறிக் கிடக்கும்போது அந்தக் குழாய் முறுக்கிக்கொண்டு, இழுபட்டு, நசுங்கிக் கிடக்கும். அடிபட்ட நொடியிலேயே அது அறுந்துபோயிருந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. முறுக்கி அடைபட்டு மட்டும் இருந்தால், பந்து கிண்ணத்துக்குள் திரும்பியதும் ஓட்டம் திரும்பிவிடும். இந்த இரண்டில் எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை. அதனால் எல்லாரையும் இரண்டாவது வகையாகவே நினைத்து ஓட வேண்டும்.

ரத்தம் இல்லாமல் பந்தின் எலும்பு சாவதைத்தான் ஏ.வி.என். என்கிறோம். செத்த எலும்பு மாதக்கணக்கில் உருக்குலையாமல் இருந்துவிட்டு, பிறகு பாரம் தாங்காமல் நொறுங்கி உட்காரும். 1980களில் ஹௌகார்ட், தாம்சென் என்ற இரு மருத்துவர்கள் பின்பக்கம் விலகிய 100 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். 6 மணி நேரத்துக்குள் பொருத்தப்பட்டவர்களில் 4.8 சதவீதம் பேருக்கு ஏ.வி.என். வந்தது. அதற்குப் பிறகு பொருத்தப்பட்டவர்களில் 52.9 சதவீதம். அந்தத் தாமதமான கூட்டம் சின்னது, ஆகவே இரண்டாவது எண்ணை அப்படியே எல்லாருக்கும் வைத்துச் சொல்லக் கூடாது. திசை மட்டும் மாறவில்லை. பின்னாளில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், 12 மணி நேரம் தாண்டியவர்களுக்கு ஆபத்து பல மடங்கு கூடியதாகவே தெரிந்தது. ஆறாவது மணியில் ஒரு கதவு படாரென்று மூடிவிடுவதில்லை. ஒவ்வொரு மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக வாய்ப்பு நழுவுகிறது.

இங்கேயே பொருத்துவதா, அனுப்புவதா

என்னைப் பொறுத்தவரை மிகக் கனமான முடிவு இதுதான். ஆனால் பெரும்பாலும் யாரும் இதை ஒரு முடிவாகவே நினைப்பதில்லை. "இங்க வசதி இல்ல, கொண்டுபோங்க" என்ற ஒரு வரியில் முடிந்துவிடுகிறது.

அனுப்பும்போது எல்லாரும் கணக்குப் போடுவது பயண நேரத்தை மட்டும். ஆம்புலன்ஸ் வருவதற்கு ஒரு நேரம், போய் இறங்கிப் பதிவு செய்ய ஒரு நேரம், அங்கே இருப்பவர் முதலிலிருந்து பார்த்து மறுபடி எக்ஸ்ரே எடுக்க ஒரு நேரம், மயக்க மருந்து மருத்துவர் வேறொரு கேஸில் இருந்தால் அவருக்காக ஒரு நேரம். ஒரு மணி நேரப் பயணம் என்று கிளம்புவது மூட்டு உள்ளே போகும்போது மூன்று, நான்கு மணி நேரம் ஆகியிருக்கும். அங்கேயே பொருத்திவிட்டுப் பிறகு அனுப்பினால், அதே பயணத்தை ரத்தம் ஓடுகிற எலும்போடு செய்யலாம். அப்புறம் சி.டி. ஸ்கேன் நாளைக் காலையில் எடுத்தால்கூடப் பரவாயில்லை.

அங்கேயே பொருத்தக் குறைந்தபட்சம் மூன்று வேண்டும். இடுப்பின் எக்ஸ்ரே ஒன்று. தூங்கவைக்கிற அளவுக்கு மருந்து கொடுத்து மூச்சையும் ஆக்சிஜனையும் கண்காணிக்கத் தெரிந்த ஒருவர். இழுத்துப் பொருத்தப் பழகிய ஒருவர். மூன்றும் இருந்தால் மூட்டு மாற்று நிபுணர் இல்லை, ஸ்கேன் இல்லை என்பதெல்லாம் அனுப்புவதற்குக் காரணம் ஆகாது. அவை அடுத்த கட்டத்துக்கு வேண்டியவை.

அனுப்பியே ஆக வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் கழுத்தில் கோடு மாதிரி ஒரு விரிசல் தெரிந்தாலும் அங்கே கை வைக்கக் கூடாது. இழுக்கும்போது அந்த விரிசல் முழு முறிவாகி விலகிவிட்டால், பந்து தனியே, எலும்பு தனியே நிற்கும். சரியாக இருந்த ரத்தமும் போய்விடும். அதே காலில் தொடை எலும்பின் தண்டு உடைந்திருந்தாலும் பிடித்து இழுக்க வழியில்லை. உயிருக்கே ஆபத்தான வேறு காயம் இருந்தால் அதுதான் முதலில். இவை எதுவும் இல்லாமல் அனுப்புகிறார்கள் என்றால், "இங்க ஏன் பொருத்த முடியாதுன்னு சொல்லுங்க சார்" என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. சில சமயம் அந்த ஒரு கேள்வியே வேலையை நடத்திவிடும்.

நேரம் முக்கியம் என்றதும் விபத்து நடந்த இடத்திலேயே யாராவது காலைப் பிடித்து இழுக்கக் கூடாது. எக்ஸ்ரே பார்க்காமல், மயக்கம் கொடுக்காமல் இழுப்பது மேலே சொன்ன விரிசலைத் தேடிப் போய் உடைப்பது மாதிரி. கால் எந்த நிலையில் கிடக்கிறதோ அப்படியே தலையணை, போர்வை வைத்துத் தாங்கிக் கொண்டுவந்தால் போதும்.

முதலிலேயே சி.டி. எடுத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். தொடை எலும்பின் கழுத்தில் விரிசல் இல்லை என்று எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிந்தால், பொருத்துவதற்கு முன் சி.டி.க்காகக் காத்திருப்பது நேரத்தை விரயம் செய்வது. வயிறு, தலைக் காயத்துக்காக எப்படியும் ஸ்கேன் அறைக்குள் போகிறார் என்றால் அது வேறு.

எமர்ஜென்சி அறையா, ஆபரேஷன் தியேட்டரா

கையால் இழுத்துப் பொருத்துவதை இரண்டு இடங்களில் செய்யலாம். எமர்ஜென்சி அறையில் சற்று நேரத் தூக்கத்துக்கான மருந்து கொடுத்துச் செய்வது ஒன்று. தியேட்டரில் முழு மயக்கம் கொடுத்து, தசைகளைத் தளர்த்தி, உடனுக்குடன் காட்டும் எக்ஸ்ரேத் திரையைப் பார்த்தபடி செய்வது இன்னொன்று.

தியேட்டரின் நன்மை தெளிவானது. தொடையைச் சுற்றியுள்ள தசைகள் உடம்பிலேயே பெரியவை. வலியில் அவை இறுகி நிற்கும்போது எவ்வளவு பலசாலி இழுத்தாலும் வராது. முழுத் தளர்ச்சியில் பாதி விசையே போதும். பொருத்திய கையோடு மூட்டை மடக்கிப் பார்த்து, மறுபடி நழுவுகிறதா என்றும் சோதித்துவிடலாம். கையால் முடியாவிட்டால் அங்கேயே திறந்து பார்க்கலாம். குறை என்னவென்றால் தியேட்டர் காலியாக இருக்க வேண்டும், ஆள் வர வேண்டும்.

என் வழக்கம் இது. தியேட்டர் அரை மணியில் கிடைக்கும் என்றால் தியேட்டர். கிடைக்காது என்றால் எமர்ஜென்சி அறையில், நல்ல தூக்கத்தில், ஒரு முறை. வரவில்லையா, இன்னொரு முறை. அதோடு நிறுத்திவிட வேண்டும். பந்தை எலும்பு விளிம்பில் திரும்பத் திரும்ப உரசினால் அதன்மேல் உள்ள குருத்தெலும்பு சீவப்பட்டுவிடும். அந்த வழுவழுப்பு ஒரு முறை போனால் மறுபடி வளராது. வளரும் பருவப் பிள்ளைகள் என்றால் நான் தியேட்டர் தவிர வேறு யோசிப்பதில்லை. 12 முதல் 16 வயது வரையான பிள்ளைகளுக்குப் பந்துக்கும் கழுத்துக்கும் இடையே வளர்ச்சித் தட்டு பெரும்பாலும் இன்னும் மூடியிருக்காது. இழுக்கும் விசையில் பந்து அந்தத் தட்டோடு பிய்ந்துவிடலாம். அப்படிப் பிய்ந்தால் ரத்த ஓட்டம் பெரும்பாலும் மிஞ்சாது.

இழுக்கும் முறைகளுக்குப் பெயர்கள் நிறைய. அல்லிஸ் முறை 19ஆம் நூற்றாண்டிலிருந்து இருப்பது. ஒருவர் இடுப்பை ஸ்ட்ரெச்சரோடு அழுத்திப் பிடிக்க, மருத்துவர் ஸ்ட்ரெச்சர்மேலேயே ஏறி நின்று, முட்டியை மடக்கி மேல்நோக்கி இழுப்பார். பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். ஸ்டிம்சன் முறையில் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துக் காலை ஓரத்தில் தொங்கவிடுவார்கள், ஈர்ப்பு விசையே பாதி வேலை செய்யும். மென்மையான முறைதான், ஆனால் நெஞ்சிலும் வயிற்றிலும் அடிபட்டவரை, அதுவும் மயக்கத்தில், குப்புறப் போடுவதில் எனக்கு விருப்பம் இல்லை. கேப்டன் மார்கன் என்று 2011ல் விவரிக்கப்பட்ட முறையில் மருத்துவர் ஒரு காலை ஸ்ட்ரெச்சர்மேல் ஊன்றி, தன் முட்டியை நோயாளியின் முட்டிக்கு அடியில் கொடுத்து, குதிகாலை உயர்த்தி நெம்புவார். முதுகுக்குச் சிரமம் இல்லை, மேலே ஏற வேண்டியதும் இல்லை. எந்த முறை சிறந்தது என்று நோயாளி தரப்பில் கவலைப்பட வேண்டாம். மருத்துவரின் கைக்குப் பழகிய முறைதான் அங்கே சிறந்த முறை.

அன்று ராத்திரி தியேட்டரில் வேறு கேஸ் ஓடிக்கொண்டிருந்தது. எமர்ஜென்சி அறையிலேயே, இரண்டு பேர் இடுப்பைப் பிடிக்க, நான் மேலே ஏறி நின்றேன். முதலில் அசையவே இல்லை. முட்டியை 90 டிகிரிக்குக் கொண்டுவந்து, விசையைக் கூட்டாமல் அப்படியே பிடித்திருந்தேன். ஒரு நிமிஷம் போனது. தசை மெல்ல விட்டுக்கொடுப்பது கையில் தெரிந்தது. லேசாகத் திருப்பியதும் 'களுக்' என்று ஒரு அதிர்வு, காதில் விழுந்ததைவிடக் கையில்தான் அதிகம் உணர்ந்தேன். மடங்கிக் கிடந்த கால் தானாக நீண்டு மற்ற காலுக்குச் சமமாக வந்தது. மணி 11:50.

கையால் வராமல் போவதும் உண்டு. நூற்றில் சிலருக்குப் பந்து உறையின் கிழிசலில் பொத்தான் ஓட்டையில் சிக்கிய பொத்தான் மாதிரி மாட்டியிருக்கும், அல்லது தசையோ உடைந்த எலும்புத் துண்டோ வழியை அடைத்திருக்கும். அங்கே திறந்து பொருத்துவது ஒன்றே வழி. அதுவும் அவசரம், மறுநாள் பட்டியலில் போடுகிற ஆபரேஷன் அல்ல.

பொருந்தியபின்: ஆபரேஷன் வேண்டுமா

அண்ணன் கேட்ட கேள்விக்கு இப்போதுதான் இடம் வருகிறது. மூட்டு உள்ளே போனதும் வலி பாதிக்குமேல் மறைந்துவிடும். நோயாளி சிரிப்பார். "அவ்வளவுதானே, வீட்டுக்குப் போகலாமா?" என்பார்கள். இங்கே ஏமாந்துவிடக் கூடாது. பொருந்தியபின் சி.டி. ஸ்கேன் எடுக்காமல் யாரையும் விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எக்ஸ்ரேயில் அழகாகத் தெரிகிற மூட்டுக்குள் அரிசி மணி அளவு எலும்புத் துண்டு கிடப்பதை சி.டி. காட்டிக்கொடுக்கும்.

சி.டி.யில் மூன்று விஷயம் பார்க்கிறோம். பந்து கிண்ணத்தின் நடுவில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, உள்ளே துண்டு ஏதும் மாட்டியிருக்கிறதா, கிண்ணத்தின் சுவரோ பந்தோ உடைந்திருக்கிறதா. மூன்றும் சுத்தமாக இருந்தால் ஆபரேஷன் வேண்டாம். அப்படிப்பட்டவரை அறுத்துச் சரிசெய்ய எதுவும் இல்லை. யாராவது 'எதற்கும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடலாம்' என்றால் இரண்டாவது கருத்து கேளுங்கள்.

பின்சுவர் உடைந்திருந்தால் அளவைப் பொறுத்தது. சுவரின் 20 சதவீதத்துக்குக் குறைவான துண்டு என்றால் மூட்டு பெரும்பாலும் உறுதியாக இருக்கும். பாதிக்குமேல் போயிருந்தால் தட்டும் திருகும் வைத்துச் சுவரைக் கட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உட்காரும்போது மறுபடி நழுவும். நடுவில் இருப்பவர்கள்தான் சிக்கல். அவர்களுக்குப் படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், மயக்கத்தில் மூட்டை மடக்கி அழுத்தி, திரையில் பந்து நகர்கிறதா என்று பார்த்து முடிவெடுப்பதே நியாயம். அந்தச் சோதனையில் நகராத மூட்டுகள் ஆபரேஷன் இல்லாமலே நன்றாக இருக்கின்றன. சின்னத் துண்டுதானே என்று விடப்பட்ட சில மூட்டுகள் நகர்ந்தும் இருக்கின்றன. அளவு ஒரு வழிகாட்டி, அதற்குமேல் அதை நம்ப வேண்டாம்.

உள்ளே மாட்டிய துண்டை எடுத்தாக வேண்டும். மணலைப் போட்டு அரைப்பது மாதிரி அது குருத்தெலும்பை அரைக்கும். ஆபரேஷன் வரை காலுக்கு எடை கட்டி இழுத்துவைப்பது இதற்காகத்தான், பந்து அந்தத் துண்டின்மேல் அழுந்தாமல் இருக்க. எடுப்பதற்கு இரண்டு வழி. துளை வழியாகக் கேமரா விட்டு எடுக்கும் ஆர்த்ராஸ்கோப்பி ஒன்று. தழும்பு சின்னது, தசை சேதம் குறைவு, கிழிந்த விளிம்பு வளையத்தையும் பார்த்துச் சரிசெய்யலாம். ஆனால் கிண்ணத்தில் புதிய முறிவு இருக்கும்போது, உள்ளே பாய்ச்சும் திரவம் அந்த வழியாக வயிற்றுக்குள் கசிந்து ஆபத்தில் கொண்டுபோய் விட்டதும் உண்டு. அதனால் சுத்தமான கிண்ணம், சின்னத் துண்டு, பழகிய கை என்றால் ஆர்த்ராஸ்கோப்பி. சுவரும் உடைந்திருந்தால் எப்படியும் திறக்கப் போகிறோம், அதே வழியில் துண்டையும் எடுத்துவிடலாம்.

பந்தே உடைந்திருப்பது இன்னொரு கிளை. 1957ல் பிப்கின் வகுத்த நான்கு வகைகளை வைத்துத்தான் இன்றும் பேசுகிறோம். பாரம் தாங்காத கீழ்ப்பகுதியில் உடைந்து, துண்டும் இடத்தில் பொருந்தியிருந்தால் விட்டுவிடலாம். சின்னத் துண்டு என்றால் எடுத்துவிடலாம். பாரம் தாங்கும் மேல்பகுதி என்றால் கொஞ்சம் விலகியிருந்தாலும் பொருத்தித் திருகு போட வேண்டும். பந்தோடு கழுத்தும் உடைந்திருப்பது மிக மோசமான வகை. அங்கே வயது பேசும். இளைஞருக்கு எவ்வளவு கஷ்டப்பட்டாவது சொந்த எலும்பைக் காப்பாற்றப் பார்ப்போம். வயதானவருக்கு நேராகச் செயற்கை மூட்டு வைப்பது நல்லது, இல்லாவிட்டால் ஒன்றுக்கு இரண்டாக ஆபரேஷன் செய்ய வேண்டி வரும்.

செயற்கை மூட்டு ஏற்கெனவே வைத்தவருக்கு அது நழுவுவது முற்றிலும் வேறு கதை. அங்கே பந்து உலோகம் அல்லது பீங்கான். சாவதற்கு எலும்பு இல்லை.

படுக்கையா, நடையா

ஒரு காலத்தில் ஆறு வாரம், எட்டு வாரம் என்று எடை கட்டிப் படுக்கவைத்தார்கள். ரத்த ஓட்டம் திரும்பும்வரை பாரம் போடக் கூடாது என்ற நம்பிக்கை. சீக்கிரம் நடந்ததால் எலும்பு செத்தது என்பதற்குப் பின்னால் வந்த ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. படுக்கையில் கிடந்தால் காலில் ரத்தம் உறைவதும், தசை கரைவதும், மூட்டு இறுகுவதும்தான் நிச்சயம். உடைவு இல்லாத, உறுதியான மூட்டு என்றால் வலி தாங்கும் அளவுக்குச் சில நாளிலேயே வாக்கரோடு நடக்கவிடுகிறேன். சுவருக்குத் திருகு போட்டவர்களுக்குப் பாரத்தைத் தள்ளிவைப்பது வேறு காரணத்துக்காக, எலும்பு கூட வேண்டும் என்பதற்காக.

கவனம் வேண்டியது காலை வைக்கும் நிலையில். பின்பக்கம் விலகியவர் ஆறு வாரத்துக்கு இடுப்பை 90 டிகிரிக்குமேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்நோக்கித் திருப்பக் கூடாது. தரையில் உட்காருவது, குந்துவது, தாழ்வான இருக்கை எல்லாம் அதுவரை தள்ளி நிற்கட்டும். பிசியோதெரபியில் பிட்டத்துத் தசைகளை மீட்பதுதான் பாதி வேலை. நொண்டல் போவது அவை திரும்பும்போதுதான்.

பிறகு என்ன ஆகும்

இதைக் கேட்கத் தயங்காதீர்கள், சொல்லத் தயங்குகிற மருத்துவரிடமும் கேளுங்கள்.

உடைவு இல்லாமல், சீக்கிரம் பொருத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் நல்ல மூட்டோடு திரும்புகிறார்கள். எல்லாரும் என்று சொல்ல முடியாது. 1980களில் வந்த ஓர் ஆய்வு, முறிவு இல்லாமல் பின்பக்கம் விலகியவர்களைச் சராசரியாக 14 ஆண்டுகளுக்குமேல் தொடர்ந்து பார்த்தது. கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்கு மூட்டுத் தேய்மானம் வந்திருந்தது. அதில் சிறு பங்குதான் ஏ.வி.என். வழியாக வந்தது. மீதிக்குக் காரணம் அடிபட்ட நொடியில் நசுங்கிய குருத்தெலும்பு. அந்தப் பகுதியை எவ்வளவு வேகமாகப் பொருத்தினாலும் மீட்க முடியாது. கிண்ணமோ பந்தோ உடைந்தவர்களுக்குக் கணக்கு இதைவிட மோசம்.

பந்துக்குப் பின்னால் கால் நரம்பு ஓடுகிறது, சயாட்டிக் நரம்பு. பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு அது நசுங்கும் அல்லது இழுபடும். பாதத்தை மேலே தூக்க வராது. இழுத்துப் பொருத்துவதற்கு முன்னாலேயே 'கட்டை விரலை மேலே தூக்குங்க' என்று சோதித்து எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்தில் போனதா, இழுத்ததில் போனதா என்பது தீராத சண்டையாகிவிடும். பாதிக்குமேற்பட்டவர்களுக்கு அது ஓரளவாவது திரும்புகிறது, ஆனால் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பாதம் தொங்காமல் தாங்கும் பட்டை போட்டுக்கொள்ள வேண்டும்.

பிரபலமான இரண்டு விளையாட்டு வீரர்களை இங்கே சொல்லலாம். அமெரிக்கக் கால்பந்தும் பேஸ்பாலும் ஆடிய போ ஜாக்சன், 1991 ஜனவரியில் ஓர் ஆட்டத்தில் இடுப்பில் அடிபட்டார். ஏ.வி.என். வந்தது. 1992ல் செயற்கை மூட்டு வைத்தார்கள், அப்போது அவருக்கு முப்பதுகூட நிறையவில்லை. 1993ல் அந்த மூட்டோடு பேஸ்பால் ஆடத் திரும்பினார், கால்பந்துக்குத் திரும்பவே இல்லை. இன்னொரு அமெரிக்கக் கால்பந்து வீரர் டுவா டகோவைலோவாவுக்கு, 2019 நவம்பர் 16 அன்று இடுப்பு பின்பக்கம் விலகி, கிண்ணத்தின் சுவரும் உடைந்தது. உடனே பொருத்தினார்கள், இரண்டே நாளில் சுவருக்கு ஆபரேஷன். 2020 அக்டோபரில் தொழில்முறை ஆட்டத்தில் இறங்கினார். இருவரின் காயமும் ஒன்றல்ல, காலமும் ஒன்றல்ல. ஆகவே ஒருவருக்குச் சரியாகச் செய்தார்கள், மற்றவருக்குத் தப்பாகச் செய்தார்கள் என்று இதைப் படிக்க வேண்டாம். ஆபரேஷன் ஆனபின்னும் இருவரும் மீண்டும் ஆடினார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். 'கத்தி வைத்தால் கால் போச்சு' என்று பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

சின்னக் குழந்தைகள் பற்றி ஒரு வார்த்தை. பத்து வயதுக்குள் குருத்தெலும்பு மெத்தென்று இருப்பதால், விளையாடி வழுக்கி விழுந்தாலே விலகலாம். அவ்வளவு லேசான அடிக்கு இவ்வளவு பெரிய காயமா என்று பெற்றோரும் நம்புவதில்லை, சில சமயம் மருத்துவரும் தவறவிடுகிறார். சீக்கிரம் பொருத்தினால் அவர்களுக்குப் பெரும்பாலும் நன்றாகவே ஆகிவிடும்.

நாள்கள் கடந்துவிட்டால் வழிகள் ஒவ்வொன்றாகக் குறையும். முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் மயக்கத்தில் கையால் முயன்று பார்க்கலாம், இல்லையேல் கனமான எடை கட்டி மெல்ல இறக்கலாம். அதற்குப் பிறகு கிண்ணத்துக்குள் சதை வளர்ந்து நிரம்பிவிடும், திறந்து சுத்தம் செய்துதான் பொருத்த வேண்டும். மாதக்கணக்கு ஆனால் வயது வந்தவருக்குச் செயற்கை மூட்டுதான் பெரும்பாலும் மிஞ்சும்.

அந்த 26 வயதுக்காரனுக்கு சி.டி.யில் துண்டு எதுவும் இல்லை. சுவரில் நகக்கண் அளவு ஒரு சீவல். மயக்கத்தில் அழுத்திப் பார்த்தோம், நகரவில்லை. ஆபரேஷன் இல்லாமல் நான்காம் நாள் வாக்கரோடு நடந்தான். ஏ.வி.என். வருவதாக இருந்தால் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குள் தலைகாட்டும், வலியே இல்லாமலும் தொடங்கும். அதனால் ஆறு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று எக்ஸ்ரேக்கு வரச் சொன்னேன். தொடை இடுக்கில் வலி வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் வரச் சொன்னேன், அப்போது எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்று. ஒரு வருடம் வரை ஒழுங்காக வந்தான். அப்புறம் வேலை மாறியதில் வருவது நின்றுபோனது.

இரண்டாவது வருடம் அவன் அண்ணன்தான் அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். "வலி இல்லன்னு சொல்றான் சார், ஆனா நீங்க ரெண்டு வருஷம்னு சொன்னீங்க." எக்ஸ்ரேயில் பந்து முழு வட்டமாக, கிண்ணத்தின் நடுவில் இருந்தது.